கூட வந்தவள்

"போட மாட்டேன்னு நான் சொல்லலக்கா. கொஞ்சம் யோசிக்கணும்னுதான் சொல்றேன்."

தம்பி இதை மூன்றாவது முறையாகச் சொன்னான். மேசைமேல் கிடந்த நான்கு பக்கப் படிவத்தை அவன் தொடக்கூட இல்லை. மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம் குறித்தாகிவிட்டது. அன்று மாலையே அவனுக்கும் அம்மாவுக்கும் ஊர் திரும்ப விமானம். இந்தக் கையெழுத்துக்காகவே அவள் டிக்கெட் எடுத்து அனுப்பி இருவரையும் வரவழைத்திருந்தாள்.

அவள் வாடகைக்கு இருந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவதாகக் காற்றுக்கு இடமில்லை. கட்டிலில் அம்மா, இருந்த ஒரே நாற்காலியில் தம்பி. அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நின்று எக்ஸ்ரே எடுத்துப் பழகிய கால்கள். அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். வயது நாற்பத்தொன்பது. வந்து இருபத்திரண்டு வருஷம். அதற்குள் ஏழு அறை மாறிவிட்டாள். ஒரு வீட்டுக்காரர் மகன் வருகிறான் என்று காலி செய்யச் சொன்னார். இன்னொருவர், தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு விட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தம் மனைவி சொல்வதாகச் சொன்னார். கடல் தாண்டினாலும் அந்த நாலு பேர் கூடவே வந்துவிடுகிறார்கள்.

இப்போது ஒரு வீடு அமைந்திருந்தது. இரண்டாவது மாடி, இரண்டு அறை, ஒரு சின்னச் சமையலறை. ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூட மைதானம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் விற்கிறார். அவள் சேமிப்போடு பாங்குக் கடனும் சேர்ந்தால் கைக்கு எட்டிவிடும். வெறும் ஆசை என்று தள்ளிவிடக்கூடிய காரியமில்லை அது. அந்த நாட்டுச் சட்டப்படி, வேலை முடிகிற அன்றைக்கு வெளிநாட்டார் மூட்டை கட்ட வேண்டும். சொந்த வீடு உள்ளவர் மட்டும் கடைசிவரை இருந்துகொள்ளலாம். அவளுக்கு வேலை இன்னும் ஆறு வருஷம்.

புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து வாங்குகிற வெளிநாட்டாருக்கு இருவர் கையெழுத்தோடு விஷயம் முடிந்துவிடும். தனியாளாக வருகிறவர் மட்டும் இரத்த உறவில் ஒருவரைக் கூட்டி வரவேண்டும். இவருக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்கு நான் பொறுப்பு என்று அந்த உறவினர் அதிகாரி முன்னால் எழுதித் தரவேண்டும்.

"ஒண்டிக்கட்டைக்கு இங்க வீடு கிடைக்கிறதும் கல்லுல நார் உரிக்கிறதும் ஒண்ணுக்கா," என்று வீட்டுப் புரோக்கர் முதல் நாளே சொல்லியிருந்தார். "ஆனா உங்களுக்கென்ன, சிங்கம் மாதிரி தம்பி இருக்காரே."

தம்பி இருந்தான். அவனுக்காகத்தான் அவள் விமானம் ஏறியதே. அவன் படிப்பு முடியட்டும் என்று அவளுக்கு வந்த ஒரு வரனைத் தள்ளினார்கள். வீடு கட்டி முடியட்டும் என்று இன்னொன்றை. வீடு முடிந்தபோது, பெண்ணுக்குக் கல்யாண வயசும் முடிந்துவிட்டது என்று உறவு மொத்தமும் ஒரே குரலில் சொல்லிவிட்டது. அவள் சம்பளத்தில் எழுந்த அந்த வீடு தம்பி பேரில் இருந்தது. பெண்பிள்ளை பேரில் எழுதினால் நாளைக்கு வேறு வீட்டுக்குப் போய்விடும் என்றார்கள். அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை என்பது பிற்பாடு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"பொறுப்புன்னு எழுதியிருக்கே, அதான் பயமா?" என்று அவள் கேட்டாள். "கடனுக்கு இன்சூரன்ஸ் இருக்குடா. உன் தலையில ஒண்ணும் விழாது."

"அது இல்லக்கா. உனக்கு எதுக்கு இங்க வீடு? ஊர்ல அவ்வளவு பெரிய வீடு இருக்கு. ரிடையர் ஆனதும் வந்து ராணி மாதிரி இரு. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"போன தடவை நான் வந்தப்போ, எத்தனை நாள் லீவுன்னு உன் பொண்டாட்டி அன்னைக்கே கேட்டா. அவ தப்பா ஒண்ணும் கேக்கல. ஆனா அது விருந்தாளியைக் கேக்கிற கேள்விடா."

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். தம்பி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, உடைச்சே சொல்லிடறேன். பொண்ணுக்கு ஒரு இடம் பேசியிருக்கோம்ல? அவங்க நம்மள விட ரெண்டு படி மேல. என்ன செய்வீங்கன்னு சுத்தி வளைச்சுக் கேட்டாங்க. நான் என்ன சொல்லுவேன்? எங்கக்கா வெளிநாட்டுல இருக்கா, அவளுக்கு யார் இருக்கா, எல்லாம் எங்க பொண்ணுக்குத்தான்னு சொல்லிட்டேன்."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான். நீ சேர்த்து வச்சது. இப்ப அதைக் கொண்டுபோய் நீ இங்க செங்கல்லுல போட்டுட்டா நான் அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? வேணும்னா ஒண்ணு பண்ணு. என் பேரையும் சேர்த்து எழுது. இப்பவே போடறேன்."

"இங்க குடியிருக்காதவங்க பேர்ல எழுத முடியாதுடா."

"அப்ப விட்டுடுக்கா."

"அவங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "கேக்கணும்னு தோணலக்கா."

அதில் சூது இல்லை. சூது இருந்திருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். தன் சட்டைப்பையில் கை நுழைக்கிறவன் யாரிடமும் கேட்டுக்கொண்டு நுழைப்பதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்தச் சட்டைப்பையாக இருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "நீ போட்டாலும் செல்லும்மா. உனக்குத்தான் கையெழுத்து வருமே."

அம்மா மகளைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தாள். "அவன் போடுற சோத்தைத் திங்கிறேன்டி," என்றாள்.

மறுநாள் காலை தம்பி தலைவலி என்று தலையணையை முகத்தின்மேல் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். "நீயே போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுக்கா. மூணு மணிக்கு டாக்ஸி சொல்லியிருக்கேன்."

"நானும் சும்மா கூடப் போயிட்டு வரேன்," என்றாள் அம்மா. "ஊர் பாத்த மாதிரி இருக்கும்."

அவன் தடுக்கவில்லை. தன் முன்னால் வாய் திறந்து பழகாத அம்மா, ஒரு அதிகாரி முன்னால் என்ன திறந்துவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பான்.

பதிவு அலுவலகம் ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை மாதிரி இருந்தது. தரையோடு இறுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். கையில் எண் அச்சிட்ட சீட்டு. வாத்தியார் சாவியை ஓர் உறையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புரோக்கர் அன்றைக்கென்று டை கட்டி வந்திருந்தார். அவள் அவரை ஒதுக்குப்புறமாக அழைத்து, தம்பி வரவில்லை, வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றாள்.

புரோக்கர் காதைச் சொறிந்தார். "அம்மா வந்திருக்காங்களே?"

"அவங்களால முடியாது."

"அப்ப இன்னொரு வழி இருக்கு. உங்களுக்குப் பிடிக்காது."

அது அநாதைகளுக்கான படிவம். இரத்த உறவு எவரும் உயிரோடு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பொறுப்புக்கு ஆள் தேவையில்லை. வாங்கியவர் காலத்துக்குப் பிறகு வீடு அரசாங்கத்துக்குப் போய்விடும்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நான் எதையும் சொல்லச் சொல்லலக்கா. வழி இருக்குன்னேன். இங்க ஒண்டியா வந்து வீடு வாங்கினவங்கள்ல பாதிப் பேர் அநாதைதான். எல்லாரும் மாசாமாசம் ஊருக்குப் பணம் அனுப்புற அநாதைங்க."

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தாள். "என்ன சொல்றாரு?"

அவள் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை, வேண்டாமென்று போய்விடப் போகிற ஒன்றைத்தானே சொல்கிறோம் என்றிருந்தது.

"நாங்கல்லாம் செத்துட்டோம்னு எழுதணுமா?"

"ஆமாம்மா."

"அவனையும் சேத்தா?"

"எல்லாரையும்தான்."

அம்மா பதில் பேசுவதற்குள் அவர்களுடைய எண் வந்துவிட்டது.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி முப்பது வயதுப் பெண். கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். தாள்களைப் புரட்டிவிட்டு, இரத்த உறவினர் வந்திருக்கிறாரா என்று அந்நாட்டு மொழியில் கேட்டாள். வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஜன்னலும் மைதானமும் கண்முன்னால் வந்துவிட்டன. அதற்குள் அதிகாரியின் பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் நின்ற கிழவியிடம் போய்விட்டது. அதே மூக்கு, அதே அகன்ற நெற்றி. இவர் யார் என்று அந்த அம்மாவையே கேட்கும்படி புரோக்கரிடம் சொன்னாள்.

"பெரியம்மா, நீங்க யாருன்னு கேக்கறாங்க."

அம்மா கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நான் அவளுக்கு யாரும் இல்லைங்க," என்றாள். "கூட வந்தவ. ஒரே ஊரு. அவளுக்கு யாரும் இல்ல, பாவம்."

கமிஷனுக்காக எத்தனையோ பொய்களை மொழிபெயர்த்தவர் புரோக்கர். அவருக்கே ஒருமுறை எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. பிறகு சொல்லிவிட்டார்.

"அம்மா..."

அம்மா திரும்பாமலே அவள் மணிக்கட்டைக் கிள்ளிப் பிடித்தாள். "பேசாம இரு. கையெழுத்துப் போட்டா அவன் கேப்பான், உசிரை எடுப்பான். இதை அவன் எங்கிட்ட எந்த வாயால கேப்பான்? ஊருக்கே சொன்னது அவன்தானே, உனக்கு யார் இருக்கான்னு. எழுதுடி."

அந்த முதியவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டாள். "ரொம்ப நேரம் நிக்க முடியல, சீக்கிரம் முடிக்கச் சொல்றாங்க," என்று புரோக்கர் சொல்லிவைத்தார்.

அதிகாரி வேறொரு படிவத்தை எடுத்தாள். அதில் ஒரு விதியை மட்டும் வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டுமென்பது சட்டம். படித்தாள். இதில் கையெழுத்திட்ட பிறகு தாய், தந்தை, உடன்பிறந்தார் என்று எவரையும் குடும்ப விசாவில் இந்த நாட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்ள முடியாது. எப்போதும் முடியாது. புரிந்ததா?

புரோக்கர் தரையைப் பார்த்தார். இதை அவர் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பேனா நூலில் கட்டியிருந்தது. வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள். தனக்கு வேலை இன்னும் ஆறு வருஷம், அம்மாவுக்கு இப்போது வயது எழுபத்திநாலு என்று அவள் மனம் தானாகவே ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போட்டதற்காக அவள் தன்னை அந்த இடத்திலேயே வெறுத்தாள். கையெழுத்தும் போட்டாள்.

வாத்தியார் சாவி உறையை அவள் கையில் வைத்தார். குடும்பத்தோடு நன்றாக இருங்கள் என்று சொல்ல வந்தவர், நன்றாக இருங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அங்கிருந்து நேரே புது வீட்டுக்குப் போனார்கள். அம்மா படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். வீடு காலியாக இருந்தது. சுவரில் அலமாரி நின்ற இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. மைதானத்திலிருந்து பிள்ளைகளின் கூச்சல் வந்தது. அம்மா சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்து உடனே அணைத்தாள். கடைசியில் சின்ன அறை வாசலில் நின்றாள்.

"இது எதுக்கு?"

"இன்னும் ஒண்ணும் நினைக்கலம்மா."

"எனக்குன்னு ஒரு கதவைச் சாத்திக்கிட்டு நான் இருந்ததே இல்லடி," என்றாள் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னாள். "பொறந்த வீட்டுல எட்டு உருப்படி. உங்கப்பா வீட்டுல கூடத்துல படுக்கை. இப்பவும் கூடம்தான். அவங்க டிவியை அணைச்சாத்தான் எனக்குத் தூக்கம்."

இருபத்திரண்டு வருஷம் சம்பளம் அனுப்பியவளுக்கு, அந்த வீட்டில் அம்மா எங்கே படுக்கிறாள் என்று கேட்கத் தோன்றியதில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

"பேத்தி கல்யாணம் முடியட்டும்," என்றாள் அம்மா. "எனக்கும் ஒரு கடமை முடிஞ்சுடும். அப்புறம் இங்கயே உங்கூட வந்து இருந்துடறேனே. இந்தச் சின்ன ரூம் போதும். இருக்கலாம்ல?"

"இருக்கலாம்மா."

"உனக்கு யாரும் இல்லைன்னு அங்க சொல்லிட்டேனே. அதனால பின்னாடி ஒண்ணும் வந்துடாதே?"

"ஒண்ணும் வராதும்மா."

காலையில் எழுதிய பொய்யை அம்மா சொல்லிக் கொடுத்தாள். இந்தப் பொய்யை மகளே சொன்னாள்.

அம்மா திருப்தியாகத் தலையை ஆட்டினாள். பிறகு, தயங்கித் தயங்கி அந்த அறைக்குள் போனாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பழக்கமில்லாத கை தாழ்ப்பாளோடு போராடுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது தடவை தாழ் விழுந்தது. அதற்குப் பின் உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவள் வெளியே தரையில் உட்கார்ந்து, வாயில் கையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாது.

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. போன் அடித்தது. தம்பி.

"எங்க இருக்கீங்கக்கா? டாக்ஸிக்காரன் வந்து நிக்கிறான். வேண்டாம்னு சொல்லிட்டியா? அம்மா எங்க?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

"அம்மா அவங்க ரூம்ல இருக்காங்க."

"எந்த ரூம்?"

"தாழ்ப்பாள் போட்டிருக்காங்கடா. அவங்களாத் திறந்துட்டு வருவாங்க. அதுவரைக்கும் டாக்ஸி நிக்கட்டும்."

போனை வைத்தாள். கதவைத் தட்டவில்லை.