தலை, உடம்பு, வால்

"அன்... பிலீவ்..." என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிவந்த வாத்தியாரின் வாய் கோணிக்கொண்டு நின்றுவிட்டது. "அபிள்!" என்று அவர் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக்கொடுத்தாள்.

பக்கவாதத்தில் பேச்சு போனவருக்கு, பேச்சுப் பயிற்சி தரும் பெண் காட்டிய வழி இது. வார்த்தையைத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுக்கு ஒரு தட்டு. தண்ணி, பசி என்று சின்ன வார்த்தைகளில் தொடங்கச் சொன்னாள். மனிதர் கேட்டால்தானே? காலமெல்லாம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவருக்கு 'அன்பிலீவபிள்' மாதிரி நீளமான இங்கிலீஷ் வார்த்தைதான் வேண்டும். தாகத்தில் நாக்கு வறண்டாலும் கௌரவம் குறையக்கூடாது.

அவளுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான புதிதில், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அவளை நிற்கவைத்து, "எங்க, ரெஃப்ரிஜிரேட்டர் சொல்லு. தலை, உடம்பு, வால்னு பிரிச்சுச் சொல்லு பாப்போம்" என்பார். அவள் நாக்கு சறுக்கும். கூடமே சிரிக்கும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் அவருடைய சிநேகிதர், பேங்க் மேனேஜர். அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை உடைக்காத குறையாகக் கழுவுவாள்.

அந்த மேனேஜர்தான் அன்று உடம்பு விசாரிக்க வந்து உட்கார்ந்தார். அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது.

"எங்க, உங்க சிநேகிதருக்குச் சொல்லிக் காட்டுங்க. தலை, உடம்பு, வால்."

வாத்தியார் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று கண் கெஞ்சியது. அவள் விடவில்லை, மேஜையைத் தட்டினாள்.

"அன்... அன்..." எச்சில் வழிந்தது.

மேனேஜர் குலுங்கிச் சிரித்தார். "என்னடா இது, ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி!"

இத்தனை வருஷம் அவள் ஏங்கிய சிரிப்பு. ஆனால் கேட்டதும் மனம் குளிரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு இளிக்கிறீங்க? அன்னைக்கும் இப்படித்தான் இளிச்சீங்க. எழுந்திரிச்சுப் போங்க!"

முகம் செத்துப்போய் அவர் வெளியேறினார். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்து, கணவரின் மோவாயை அழுத்தித் துடைத்தாள்.

"உங்களுக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்தேன்னு நெனச்சுக்காதீங்க. இது என் கணக்கு."

அவர் வாய் திறந்தது. உதடு துடித்தது. மன்னிப்போ வசவோ, தெரியவில்லை. எடுத்துக்கொடுக்கிற பழக்கத்தில் அவள் கை மேஜைக்குப் போனது, இழுத்துக்கொண்டாள். நாற்காலியை அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்தாள்.