வரலாம், வா

அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கூடத்தில் தவளை என்றால் எல்லாருக்கும் தெரியும். பதினோரு வயதுப் பெண். நின்ற இடத்திலிருந்தே எம்பிப் பெஞ்சின் மேல் உட்கார்ந்துவிடுவாள், அதனால் வந்த பெயர். அப்படிக் கூப்பிடுகிறார்களே என்று அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் மூன்று வாரமாகத் தவளை தாவவில்லை. பீம் என்று பிள்ளைகள் சொல்கிற அந்த உயரமான கட்டையின் மேல் ஏறுவாள், இரண்டு கைகளையும் மேலே தூக்குவாள், அப்படியே நிற்பாள். கொடியில் காயப்போட்ட துணிகூடக் காற்றுக்குக் கொஞ்சம் அசையும். இவள் அசையமாட்டாள்.

கட்டை ஒன்றும் மலை இல்லை. அகலம் ஒரு உள்ளங்கை, நீளம் ஐந்து மீட்டர். உயரம்தான் வம்பு, பக்கத்தில் நின்றால் அவள் கழுத்துக்கு வரும். அதன் மேல் நின்று, பின்பக்கமாக வில் மாதிரி வளைந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை ஊன்றி, ஒரு காலுக்குப் பின் ஒரு காலாகத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுபோய், மறுபடியும் கட்டையிலேயே இறங்கி நிற்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவள் அதைப் ‘பின்வளைவு’ என்பாள். பிள்ளைகள் வாயில் அது ‘வளையல்’ ஆகிவிட்டது. “இன்னைக்கு எத்தனை வளையல் போட்ட?” என்றுதான் ஒருத்தியை ஒருத்தி கேட்பார்கள்.

தரையில் கோடு கிழித்துவிட்டால் தவளை தூக்கத்தில்கூட வளையல் போடுவாள். கணுக்கால் உயரக் கட்டையிலும் போடுவாள். உயரக் கட்டையிலும் போட்டுக்கொண்டிருந்தவள்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், ஊன்றிய கை பாதி கட்டையிலும் பாதி காற்றிலுமாக விழுந்தது. சறுக்கி, கெண்டைக்கால் கட்டையில் உரசி, மெத்தையில் வந்து பொத்தென்று விழுந்தாள். கால் கத்தரிக்காய் நிறமானது, அப்புறம் பச்சையானது, அப்புறம் மஞ்சளானது, அப்புறம் சரியாகிவிட்டது. காயம் போய்விட்டது, பயம் போகவில்லை.

கோச் அக்காவுக்கு முப்பது வயதிருக்கும். குரல் மட்டும் பெரிது. “ஒண்ணு, ரெண்டு, மூணு, போ” என்பாள். தவளையின் உயிர்த்தோழி நெட்டை எதிரே நின்று, “போடி, ஒண்ணும் ஆகாது” என்பாள். ஆறு வயதுக் குட்டிகள்கூட வரிசையாக உட்கார்ந்து “போங்கக்கா” என்று ராகம் போடும். தவளைக்கு உடனே ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும். தலைமுடி அவிழ்ந்திருக்கும். கை வியர்த்து, வழுக்காமல் இருக்கப் பூசிய சாக்குப் பொடி போயிருக்கும்.

“அக்கா, கைக்கு இன்னும் கொஞ்சம் சாக்கு பூசிட்டு வந்துடறேன்.”

“கையில பூசுற சாக்கைவிட வாயில சொல்ற சாக்குதான்டி உங்கிட்ட ஜாஸ்தி” என்றாள் கோச் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள், தவளையும் சிரித்தாள். ஆனால் கட்டையிலிருந்து இறங்கித்தான் சிரித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கோச் அக்கா அவளைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தாள். “பயப்படுறது தப்பில்ல. நானும் பயந்தவதான். ஆனா சனிக்கிழமை குழுவுக்கு ஆள் எடுக்க வெளியிலேருந்து நடுவர் வர்றாங்க. அஞ்சு இடம். உயரக் கட்டையில வளையல் போடலைன்னா இன்னும் ஒரு வருஷம் நீ குட்டிகளோடதான். உனக்காகப் பொய் சொல்லி மேல ஏத்தினா, அடி எனக்கா படும்?”

ஒரு வருஷம். நெட்டை பெரிய குழுவில் இருப்பாள், இவள் மூக்கொழுகும் குட்டிகளோடு குட்டிக்கரணம் போட வேண்டும். தவளை வீட்டில் வாயைத் திறக்கவில்லை. தட்டில் வைத்ததை மட்டும் வழக்கம்போல வழித்துத் தின்றாள்.

இப்போது அவள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஒரு பேக்கரியில் பத்து வருஷம் ரொட்டி அடுக்கியவள். மூன்று மாதத்துக்கு முன்புதான் பேக்கரி வேனை ஓட்டும் வேலை கிடைத்தது. முன்னால் ஓட்டச் சொன்னால் அம்மா ராணி. பின்னால் எடுக்கச் சொன்னால் கை, கழுத்து எல்லாம் வியர்த்துவிடும். பேக்கரிக்குப் பின்னால் இருப்பதோ ஒரு முட்டுச்சந்து. வேனின் பின்கதவு அடுப்படி வாசலைப் பார்க்கிற மாதிரி ரிவர்சில்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், மறுபக்கம் சுவர். சுவரில் வேனின் பெயிண்ட் கோடு கோடாக ஒட்டியிருக்கும். ரொட்டி சுடுகிற அண்ணன் அதைப் பார்த்து, “நேத்து இடிச்ச இடத்துலயே இடிங்க. புதுசா ஒரு இடம் எதுக்கு?” என்பார்.

பள்ளிக்கு முன் பயிற்சிக்குப் போகிற தவளையும் விடியற்காலையில் அந்த வேனில்தான் வருவாள். சந்துக்குள் இறங்கி, அம்மாவுக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி சுவரோரமாக நின்று, அவள்தான் குரல் கொடுப்பாள். “வரலாம், வரலாம், வா… லெஃப்ட்ல ஒடி… வரலாம்… ஹோல்டான்.” வேன் அப்படியே வந்து நிற்கும்.

புதன்கிழமை தவளை வேனை விட்டு இறங்கவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கையிலேயே இருந்தாள். சரி, பிள்ளை ஏதோ யோசனையில் இருக்கிறது என்று ரொட்டி அண்ணன் மாவுக் கையோடு வேனுக்கு முன்னால் போய் நின்றார்.

“போங்க, போங்க, போய்க்கிட்டே இருங்க.”

வேன் இரண்டு அடி போய் நின்றது. மறுபடி, “போங்கம்மா, தாராளமா இடம் இருக்கு.” அரை அடி போய் நின்றது. எஞ்சினும் அணைந்துவிட்டது.

அம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். “அண்ணே, முன்னாடி நின்னுக்கிட்டு போ போன்னா நான் எங்க போவேன்? உங்களுக்கே அங்க என்ன இருக்குன்னு தெரியாது. பின்னாடி நின்னு ஒரு ஆள் வான்னு சொல்லணும். வான்னு சொன்னா அங்க இடம் இருக்குன்னு அர்த்தம். அப்பத்தான் எனக்கு வண்டி வரும்.”

தவளை நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோச் அக்கா நிற்பது முன்னால், நெட்டையும் முன்னால். குட்டிகள் வரிசையாக உட்காருவதும் முன்னால்தான். அத்தனை பேரும் சொல்வது ‘போ’. அவள் போக வேண்டியதோ பின்னால். அங்கே வா என்று சொல்ல ஒரு ஈ காக்கை இல்லை.

இறங்கி ஓடி, சுவரோரம் நின்று, “வரலாம், வா” என்றாள். வேன் வந்துவிட்டது.

பயிற்சிக்கூட வாசலில் வேன் நின்றதும் தவளை கேட்டாள். “அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள வர்றியா?”

“பன்னெல்லாம் ஆறிடும்டி.”

“நான் ஆறிப்போய் மூணு வாரமாச்சு.”

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மாவு ஒட்டிய மேலங்கியோடு அம்மா கட்டையின் பின்முனையில் போய் நின்றாள். நடந்ததெல்லாம் கேட்ட கோச் அக்கா, பிடிப்பதற்குத் தயாராகப் பக்கவாட்டில் நின்றாள். தவளை கையைத் தூக்கினாள். அம்மாவுக்குக் கூச்சம், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“வரலாம்… வா… வரலாம்… லெஃப்ட்ல ஒடி.”

தவளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டையின் மேலேயே குந்தி உட்கார்ந்து சிரித்தாள். கோச் அக்காவும் முகத்தை மூடிக்கொண்டாள். “பழக்கதோஷம்டி, என்னைய என்ன பண்ணச் சொல்ற?” என்றாள் அம்மா.

சிரித்து முடித்து எழுந்து மறுபடியும் கையைத் தூக்கினாள். “வரலாம், வா” என்றது அம்மாவின் குரல். தவளை வளைந்தாள். முதுகில் கோச் அக்காவின் கை பட்டது, அவள் கை கட்டையில் பட்டது, கால்கள் ஒவ்வொன்றாய் வந்து இறங்கின. அடுத்த முறை கோச் அக்காவின் கை முதுகில் படவில்லை, பக்கத்தில் மட்டும் இருந்தது. அதற்கடுத்த முறை அதுவும் இல்லை. அன்றைக்குப் பன்கள் ஆறித்தான் கடைகளுக்குப் போயின.

வியாழனும் வெள்ளியும் அம்மாவுக்கு நேரமில்லை. நெட்டை அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். “வரலாம், வாங்க” என்றாள்.

“ஏன்டி விருந்தாளியக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுற? வான்னு சொல்லு.”

“மரியாதை குடுத்தாலும் குத்தமா? சரி, வா, வந்து தொலை.”

தவளை வந்து தொலைத்தாள், இரண்டு நாளில் இருபது தடவை.

சனிக்கிழமை வந்தது. நடுவர் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள், சிரிக்காத முகம். கட்டைப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. பெற்றோருக்குக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி. அதுவும் முன்பக்கத்தில்.

தவளை நடந்தாள், குதித்தாள், ஒற்றைக்காலில் திரும்பினாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கையைத் தூக்கியதும் பழைய கதை. பின்னால் யாரும் இல்லை. முதுகில் காற்று மட்டும்தான் பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. நடுவரின் பேனா தாளை நோக்கி இறங்கியது.

வான்னு சொன்னா அங்க இடம் இருக்குன்னு அர்த்தம்.

இடமா? அந்த இடத்தைத்தான் அவள் இப்போது நடந்து கடந்து வந்தாள். ஒவ்வொரு விரற்கடையும் அவள் பாதம் அறிந்தது. கூப்பிட ஆள் இல்லை, அதனால் இடம் எங்கே போய்விடும்? “வரலாம்” என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு தவளை வளைந்தாள்.

கை முழுசாகக் கட்டையில் விழுந்தது. கால்கள் சுற்றி வந்தன. இறங்கியதும் ஒரு ஆட்டம். இரண்டு கையாலும் காற்றில் நீந்தினாள். இப்படிச் சாய்ந்தாள், அப்படிச் சாய்ந்தாள், நின்றுவிட்டாள். நின்ற வேகத்தில், ஊசி விழுந்தால் கேட்கும் அந்த அமைதியில், அவள் வாய் தன்பாட்டில் சொன்னது:

“ஹோல்டான்.”

நடுவர் தலை தூக்கினார். கோச் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அம்மா குலுங்கிக்கொண்டிருந்தாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பேசியதற்கும் தள்ளாடியதற்கும் சேர்த்து மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். ஐந்து இடத்தில் தவளைக்கு ஐந்தாவது இடம். நெட்டை ஓடிவந்து கட்டிக்கொண்டு, “கடைசி சீட்டானாலும் ஜன்னல் சீட்டுடி” என்றாள்.

திங்கட்கிழமை விடியற்காலை, சந்து முனை.

“அம்மா, இன்னைக்கு நீயே வர்றியா? தினம் வர்ற இடம்தானே? இடம் அங்கேயேதான் இருக்கு.”

“உன் வேலையப் பாரு. உனக்குக் கீழே மெத்தை போட்டிருக்காங்க. எனக்குச் சுவரு. போய் நில்லுடி.”

தவளை போய் நின்றாள். “வரலாம், வா. லெஃப்ட்ல ஒடி. வரலாம்.” வேன் பாதி தூரம் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். வேன் வந்துகொண்டே இருந்தது. குழாயைத் தாண்டியது, கோடு விழுந்த சுவரைத் தாண்டியது, அடுப்படி வாசலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அம்மா தலையை நீட்டினாள். “ஏன்டி ஹோல்டான் சொல்லல?”

“நான் சொல்றத நிறுத்தி ரொம்ப நேரமாச்சும்மா. நீதான் வந்துக்கிட்டே இருந்தே.”

அம்மா கண்ணாடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். ரொட்டி அண்ணன் வெளியே வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

“இன்னைக்குச் சுவருக்கு லீவா?” என்று கேட்டுவிட்டு, சூடான பன் தட்டைத் தூக்கி வேனுக்குள் வைத்தார்.