தாய்மாமன் வரும்வரை பூசணி

எங்கள் இலஞ்சியில் தண்ணீருக்கும் பஞ்சமில்லை, வீம்புக்கும் பஞ்சமில்லை. கூப்பிடு தூரத்தில் குற்றாலம் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு கொட்டியும் சூடு தணியாத மண்டைகள் இந்த ஊரில் சில உண்டு. அதில் முதல் மண்டை எங்கள் அடுத்த வீட்டு நல்லக்கண்ணுவினுடையது.

நெல்வயலும் தென்னந்தோப்பும் உள்ள ஆள். தென்காசி முன்சீப் கோர்ட்டில் அவனுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வரப்பு வழக்கு நடக்கும். ஜெயித்ததாகக் கேள்வியில்லை. ஆனால் வக்கீல்கள் பேசுகிற பாயிண்டுகளை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். வழக்கில் போனதை வீட்டில் பேசியே ஈடுகட்டிக்கொள்வான் போலிருக்கிறது.

அவன் பெண்டாட்டி தங்கத்தாய்க்குப் பிறந்த ஊர் திருவேங்கடம். கரிசல் காடு, பருத்தியும் மிளகாயும் விளைகிற வானம் பார்த்த பூமி. தாய் தகப்பன் இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அண்ணன் இசக்கிப்பாண்டி ஒருவன்தான். தலைப்பிரசவம் அங்கேதான் நடந்தது. பெண் குழந்தை. இங்கே தென்காசி அம்மன் பெயரை வைத்து முப்பிடாதி என்றார்கள். தாயையும் பிள்ளையையும் அண்ணனே கூட்டிக்கொண்டு வந்து ஆனி மாசம் இங்கே விட்டான். விட்ட கையோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வந்த மச்சானுக்கு மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று நல்லக்கண்ணு அவனை அருவிக்குக் கூட்டிப்போனான். நல்ல சாரல், நல்ல கூட்டம். இசக்கிப்பாண்டி தலையைக் கொடுத்தவன் எடுக்க மனசில்லாமல் நின்றிருக்கிறான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். நல்லக்கண்ணு சும்மா இருக்கலாம். இருப்பானா. "விடுங்கப்பா, மச்சான் அடுத்த வருசத்துக்கும் சேத்துல்லா குளிக்காரு. அவிய ஊருக்கு மழைக்கே வழி தெரியாது" என்றானாம். அருவிக்கரையே சிரித்திருக்கிறது.

இசக்கிப்பாண்டி வெளியே வந்தான். தலையைத் துவட்டவில்லை. ஈர வேட்டியோடு தென்காசி ஸ்டேஷனுக்கு நடந்து, விருதுநகர் ரயிலில் ஏறிப் போய்விட்டான். ரயில் சங்கரன்கோவில் போய்ச் சேருவதற்குள் வேட்டி காய்ந்திருக்கும். கோபம் காயவில்லை.

சிரித்த கூட்டம் அதை அன்றைக்கே மறந்துவிட்டது. மறக்காதவர்கள் இரண்டு பேர். மாட்டிக்கொண்டது பச்சைப்பிள்ளை. ஏனென்றால் அந்தக் குடும்பங்களில் குழந்தைக்கு முதல் சோற்றைத் தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். மாமன் மடியில் உட்காரவைத்து, மாமன் கையால் ஒரு வாய் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் கொடுக்கலாம். அதுவும் பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை மாசத்தில். ஏழாம் மாசம் வந்தது. 'அவன் வந்து கூப்பிடட்டும்' என்று மாமன் திருவேங்கடத்தில் உட்கார்ந்திருந்தான். 'தானா வரட்டும்' என்று தகப்பன் இலஞ்சியில் உட்கார்ந்திருந்தான். ஏழாம் மாசம் போய்விட்டது.

நான் சுகிர்தம். என் வீட்டுக்காரர் இங்கே பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். பிள்ளைக்குப் பசித்தால் சாப்பாடு என்பதுதான் எங்கள் வீட்டுச் சடங்கு. நாலு பிள்ளைகளும் எந்த மாமனையும் எதிர்பார்க்காமல் தின்று வளர்ந்தன. ஆகவே அடுத்த வீட்டில் நடந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கத்தாய்க்குத் தாய்ப்பால் குறைந்துகொண்டே போனது. பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தாள். பிள்ளை அதைக் குடித்துவிட்டு மறுபடியும் அழுதது. தகப்பன் சாப்பிட உட்கார்ந்தால் தவழ்ந்துபோய் இலை ஓரத்தைப் பிடித்து இழுக்கும். அவன் அதன் கையைத் தட்டிவிட்டு, "உங்க மாமனைப் போயிக் கேளு" என்பான். பேசத் தெரியாத பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது.

ஒரு நாள் காலையில் சுவரோரம் தங்கத்தாய் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வந்தது மண்.

"மண்ணத் திங்குதுக்கா" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"மண்ணத் திங்க மாமன் வர வேண்டாமா? ரெண்டு பருக்கையக் குழைச்சு வாயில வையி. யாரு பாக்கா?"

"சாமி குத்தம் ஆயிருமோன்னு பயமா இருக்கு. அதோட, சோறு குடுத்துட்டேன்னு தெரிஞ்சா அண்ணன் இந்த வாசப்படிய மிதிக்கவே மாட்டான். எனக்கு வேற யாருக்கா இருக்கா?"

அப்போதுதான் அவள் மாட்டிக்கொண்டிருந்த இடம் எனக்குப் புரிந்தது. சோறு கொடுத்தால் அண்ணன் போய்விடுவான். கொடுக்காவிட்டால் பிள்ளை போய்விடும். இரண்டு ஆண்களின் வீம்பை ஒரு பெண்ணின் மடியில் இறக்கிவைத்துவிட்டு, அவனவன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் பூசணிக்காய் அறுத்திருந்தேன். அந்தக் கீற்றைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. "சோறுதான ஆகாது? காய் ஆகுமா ஆகாதான்னு உன் வீட்டுக்கார வக்கீல்ட்ட கேளு" என்றேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

நல்லக்கண்ணுவிடம் சும்மா கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பான். அவள் கேட்ட விதம் வேறு. "இதுல ஒரு பாயிண்டு இருக்காம். சுகிர்தம் அக்கா சொல்லுதா. உங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னேன்" என்றாள். பாயிண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவன் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் யோசித்தான். முன்சீப் கூட வரப்பு வழக்குக்கு அவ்வளவு யோசித்திருக்க மாட்டார். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"சோறூட்டுன்னுதான் பேரு, காயூட்டுன்னு பேரில்ல. மாமனுக்குள்ள பாத்தியத சோத்துல மட்டுந்தான். காய்கறில அவனுக்கு ஒரு பாத்தியதயும் கிடையாது. குடு."

அன்றைக்கே பூசணிக்கீற்றை வேகவைத்து, நாரெடுத்து, விரலால் மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டினோம். தங்கத்தாய் ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். முப்பிடாதி முகத்தைச் சுளித்தது. துப்பப்போகிறது என்று நினைத்தோம். நாக்கை ஒரு சுழற்று சுழற்றியது. யோசித்தது. அந்த யோசனையில் மட்டும் அப்படியே தகப்பன். பிறகு வாயைத் திறந்துகொண்டு தாயின் கையைப் பிடித்து இழுத்தது. தங்கத்தாய் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினம் ஒரு விசாரணை. சுரைக்காய் ஆகுமா? ஆகும். தடியங்காய் என்கிற வெள்ளைப்பூசணி? ஆகும், ஆனால் குளிர்ச்சி, மழைக்காலத்தில் ஆகாது. சீனிக்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளி? அங்கேதான் நல்லக்கண்ணு தடுமாறினான். கிழங்கு வயிற்றை நிரப்பும், பஞ்ச காலத்தில் சோற்றுக்குப் பதிலாகத் தின்றிருக்கிறார்கள், ஆகவே சோற்றுக்குப் பங்காளி முறை, எதிர்க்கட்சிக்கு இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தள்ளுபடி செய்தான். அவரைக்காய்க்குத் தோலையும் நாரையும் நீக்கும் நிபந்தனையின் பேரில் அனுமதி. பாகற்காயையும் அனுமதித்தான். அதை முப்பிடாதி தள்ளுபடி செய்து அவன் சட்டையிலேயே துப்பியது. மேல்முறையீடு எதுவும் இல்லை.

ஒரு காயைக் கொடுத்தால் மூன்று நாலு நாள் அதையே கொடுத்து, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த காய் என்று நான் சொல்லியிருந்தேன். தங்கத்தாய் அதில் ஒரு அணு பிசகவில்லை. சுரைக்காயை முதல் நாள் துப்பிய பிள்ளை, மூன்றாம் நாள் சப்புக்கொட்டியது. மண்ணைத் தொடுவதை விட்டது. கன்னம் உப்பியது, தொடையில் மடிப்பு விழுந்தது. இரவு தூங்கியது. அதோடு தெருவும் தூங்கியது.

நல்லது நடந்தால் அதில் ஒரு கெடுதல் ஒட்டிக்கொண்டு வர வேண்டுமே, வந்தது. நல்லக்கண்ணுவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தான். யார் விசாரித்தாலும், "மாமன் சோறு இல்லாமலே வளத்துட்டேம் பாத்தீரா? இனிமே அவன் வந்தா என்ன, வராட்டா என்ன?" என்றான். பூசணிக்காயை வேகவைத்தவள், மசித்தவள், கண்விழித்தவள் உள்ளே இருந்தாள். வளர்த்தது இவனாம்.

தங்கத்தாய் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று சாயங்காலம் என்னிடம், "பிள்ளைக்கு வழி திறந்து எனக்கு வழிய அடைச்சிட்டேனேக்கா" என்றாள். பிள்ளை பசியோடு இருந்தவரைக்கும் என்றைக்காவது ஒரு நாள் புருஷன் இறங்கிவருவான், அண்ணனைக் கூப்பிடுவான் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்திருக்கிறது. இப்போது அவனுக்கு அந்தத் தேவையே போய்விட்டது. யோசனை சொன்னவள் நான்.

ஆனால் அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ரகமில்லை. ஒன்பதாம் மாசம் பிறந்ததும், வத்தல் வியாபாரி தில்லைநாயகம் பிள்ளை திருவேங்கடத்துக்கு மிளகாய் வத்தல் வாங்கப் புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டாள். தில்லைநாயகம் பிள்ளை கையில் ஒரு சேதியைக் கொடுத்தால், போய்ச் சேரும்போது அது இரண்டு மடங்காகியிருக்கும். அவர் வத்தல் மூட்டை மட்டும்தான் எடை குறையும் என்று ஊரில் சொல்வார்கள்.

அவரை வாசலில் மறித்து மோர் கொடுத்தாள். "அண்ணாச்சி, எங்க அண்ணனப் பாத்தா ஒண்ணு சொல்லிருங்க. பிள்ள இப்ப நல்லா சாப்பிடுது. அவிய சிரமப்பட்டு வர வேண்டாம்" என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்கோ தூக்கிவாரிப்போட்டது. என்ன பெண் இவள், இருக்கிற நூலையும் அறுக்கிறாளே என்று நினைத்தேன்.

நாலாம் நாள் காலையில் இசக்கிப்பாண்டி தெருமுனையில் வந்துகொண்டிருந்தான். நடையைப் பார்த்தால் மருமகளுக்குச் சோறூட்ட வருகிறவனாகத் தெரியவில்லை. கோட்டையைப் பிடிக்க வருகிறவன் மாதிரி இருந்தது.

"எம் மருமவளுக்கு எவம்லே சோறு குடுத்தது?" என்று வாசலிலேயே கேட்டான். "மாமன் செத்தா போயிட்டான்? மாமன் எதுக்கு, பூசணிக்காய் போதும்னு ஊரெல்லாம் சொல்லுதீராமே, மாப்பிள்ள?"

நல்லக்கண்ணுவுக்கு அது மானப்பிரச்சினை. குலவழக்கத்தை மீறியவன் என்று பெயர் வந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. "யாரு சொன்னா? ஒரு பருக்க சோறு எம் பிள்ள வாயில பட்டதில்ல. முப்பிடாதி அம்மன் மேல சத்தியம். காய்தான் குடுத்தோம். உம்ம பாத்தியத அப்படியே இருக்கு மச்சான். யாரும் தொடலை" என்றான்.

"இருக்குன்னு சொல்லுதீரா?"

"இருக்குன்னுதான சொல்லுதேன். வேணும்னா குடுத்துப் பாரும்."

சொன்ன பிறகுதான் அவன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவனுக்கே தெரிந்தது. இத்தனை மாசம் கூப்பிட மாட்டேன் என்றிருந்தவன், தன் பாயிண்டைக் காப்பாற்றப்போய் மச்சானைக் கூப்பிட்டுவிட்டான். சண்டைக்கு வந்தவனுக்கும் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். உள்ளே தங்கத்தாய் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள். சோறு எப்போதோ வடித்தாகிவிட்டது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

இலஞ்சி முருகன் கோவிலுக்குப் போனார்கள். துணைக்கு நானும் போய், கோவிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வாசல் மண்டபத்தில் இசக்கிப்பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து, மருமகளை மடியில் வைத்து, பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றை வாயில் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது.

முப்பிடாதி சோற்றை நாக்கில் வைத்து ஒரு சுழற்று சுழற்றியது. யோசித்தது. பிறகு மாமன் மீசையைக் குறிபார்த்து அத்தனையையும் துப்பியது. இரண்டாவது வாய்க்குப் பல் முளைக்காத ஈறைக் கடித்துக்கொண்டு உதட்டை மூடிவிட்டது. மூன்றாவதுக்குக் கோபுரம் அதிர அழுதது.

இசக்கிப்பாண்டி மீசையில் ஒட்டிய பருக்கைகளைத் துடைத்துக்கொண்டு தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தான். "என்னட்டி பிள்ள வளத்திருக்க? சோத்தப் பாத்தா துப்புது. காயும் கீரையுமாக் குடுத்து நாக்கக் கெடுத்து வச்சிருக்க."

"நல்லாக் கேளுங்க மச்சான்" என்றான் நல்லக்கண்ணு. "நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டாளா?"

"மாமன் வார வரைக்கும் பொறுக்க முடியலையோ இவளுக்கு?"

"அதான் மச்சான், பொம்பளைக்குப் பொறுமையே கிடையாது."

ஒருவன் சொல்ல மற்றவன் ஆமாம் போட, இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து அவளைக் காய்ச்சி எடுத்தார்கள். தீர்ப்புச் சொல்லிச் சொல்லிக் காய் கொடுக்கச் சொன்னவன் இவன். வராமல் பட்டினி போட்டவன் அவன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே வந்த தங்கத்தாயின் கையைப் பிடித்து, "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? திருப்பி ஒரு வார்த்த கேக்கக்கூடாதா? நீ கேக்காட்டா நான் கேக்கேன்" என்றேன்.

அவள் முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேசாம இருங்கக்கா" என்றாள். "ரெண்டு பேரும் சேந்துல்லா திட்டுதாவ."