புகைபோக்கியிலிருந்து இருபது கிலோமீட்டர்

மின் நிலையம் மூட இன்னும் பதினொரு நாள்.

அப்பா லைல் அதன் நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடமாக வெட்டு இயந்திரம் ஓட்டுகிறார். நான் வட்டாரத் திட்ட அலுவலகத்தில், வரைபடப் பிரிவில். அதனால் டான்பி சமூகக் கூடத்தில் எங்கள் அலுவலகம் கூட்டம் நடத்திய சனிக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

சுவரில் வரைபடம். நடுவே புகைபோக்கி, சுற்றி இருபது கிலோமீட்டர் வட்டம். உள்ளே குடியிருப்பவர்களுக்கு மறுபயிற்சி உண்டு. புதிய காற்றாலை வேலைகளில் முன்னுரிமையும் உண்டு. எங்கள் ஊர் டான்பி தெற்கே, வட்டத்துக்கு அறுநூறு மீட்டர் வெளியே. காற்றாலைகள் வரப்போவதோ டான்பி மேட்டில்.

"காத்தாடி நம்ம தலைக்கு மேல, சம்பளம் அடுத்த ஊருக்கா?" என்றார் அப்பாவின் ஷிஃப்ட் கூட்டாளி மெர்வ். "லைல், உன் வீட்டக் கொஞ்சம் தள்ளி வைடா."

"கோழிக்கூட்டத் தள்ளினா ஒத்துக்குவாங்களா?"

கூடம் சிரித்தது. மேடையில் இருந்த என் மேலதிகாரி ரொவீனா சிரிக்கவில்லை.

அப்பா எழுந்தார். "நாங்க யாரும் புகைபோக்கி உச்சியில வேலை பாக்கலம்மா. எங்க சுரங்க வாசல் அதுக்குத் தெக்கால நாலு கிலோமீட்டர். அங்கேர்ந்து அளந்தா டான்பி உள்ள வந்துடும்."

"நீங்க சொல்றது சரிதான், லைல். ஆனா அரசிதழ்ல வந்தாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி பாப்பாங்க," என்றார் ரொவீனா.

மூன்று வாரத்துக்கு முன், வட்டத்தைத் திருத்தக் கேட்டு ஒரு குறிப்போடு அவர் அறைக்குப் போனபோது எனக்கும் இதையேதான் சொன்னார்.

"அப்ப எனக்கு அறுபது ஆயிடும்," என்று அப்பா உட்கார்ந்தார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வெளியே ரொட்டியில் சாசேஜ் சுருட்டிக் கொடுத்தார்கள். அப்பா எனக்கும் ஒன்று வாங்கி, வெங்காயத்தை எடுத்துவிட்டு நீட்டினார். வண்டியில் ஏறினோம். ஊர் எல்லைப் பலகை தாண்டியதும் அப்பா ஆரம்பித்தார்.

"மேலேர்ந்து எடுத்த படத்துல புகைபோக்கிதான் பளிச்சுனு தெரிஞ்சிருக்கும். எவனோ அதுமேல புள்ளி வெச்சுட்டான். மேப் போடறவங்க எப்பவும் அப்படித்தானா, புள்ள?"

"ம்."

"அவன் அப்பன் சுரங்கத்துல வேலை பாத்திருந்தா அப்படி வெச்சிருப்பானா?"

சாசேஜ் கையில் ஆறிப்போயிருந்தது.

"புள்ளி வெச்சது நான்தான்ப்பா."