சிவப்பு பூட்ஸைக் கடைசியில் போடவும்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, இந்தக் கதை எனக்கு இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸிலிருந்து கிடைத்தது. பன்றிக் கொட்டகை ஒன்றின் வாசலில் கறுப்பு பூட்ஸ் ஓர் ஆணியிலும், சிவப்பு பூட்ஸ் தள்ளி இன்னோர் ஆணியிலும் தலைகீழாகத் தொங்கின. "எதுக்கும்மா ரெண்டு நிறம்?" என்றேன். "சிவப்பு சீக்காளிங்க அறைக்கு. அதைப் போட்டுட்டா அப்புறம் வேற எங்கேயும் போகக் கூடாது" என்றாள் அங்கே நின்றவள். (மிச்சமெல்லாம் நான் கட்டியது.)

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "கழிச்சல் கண்ட குட்டிகள் விளக்குச் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றின் வாலெல்லாம்"

வேண்டாம். வந்ததும் வராததுமாக உங்களை அந்த மஞ்சள் தண்ணீரில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது: "பன்றி உண்மையில் சுத்தமான பிராணி என்பதை நாம்"

இது பாடம். அடித்துவிட்டேன்.

அண்ணியிலிருந்து தொடங்குகிறேன். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடத்தும் கொட்டகை அது. வரிசையாக மூன்று அறைகள். வாசலோரத்து அறையில் பால்குடிக் குட்டிகள் பாதி கழிச்சலிலேயே போய்விட்டன. பிறகு நடு அறைக்கும் தொற்றியது. மிஞ்சியது கடைசி அறை. அதில் மகாராணி என்கிற தாய்ப்பன்றி நிறைசினையாக இருந்தாள்.

"இவ குட்டிங்களுக்கும் வந்துச்சுன்னா கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான் அண்ணி."

"வாயைக் கழுவுடி முதல்ல."

3.

[இந்த அண்ணியின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவள். விடிந்ததும் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் சீக்குக் குட்டிகளிடம் ஓடுவாள். துடைப்பாள், மடியில் போட்டு மருந்து ஊற்றுவாள். பிறகுதான் மற்ற அறைகள். இவ்வளவு நல்லவளைக் காகிதத்தில் வைத்தால் கொட்டாவி வரும். கொஞ்சம் பொறுங்கள்.]

4.

கால்நடை மருத்துவர் வந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டே, "இதுவரைக்கும் மருந்து குடிக்காத குட்டி ஒண்ணு வேணும்க்கா. மருந்து உள்ளே போயிருந்தா லேப்ல கிருமி சரியாப் பிடிபடாது" என்றாள்.

நாத்தனார் சிரித்துவிட்டாள். "எங்க அண்ணிகிட்ட மருந்து குடிக்காத குட்டியா? நான் தும்மினாலே வாயைப் பிளந்து ஊத்திடுவாங்க டாக்டர்!"

ஆனால் ஒருவன் இருந்தான். முரடன். அண்ணியின் கட்டைவிரலைக் கடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் தப்பியவன். அவன் கழிச்சல்தான் சீசாவில் ஏறி லேப்புக்குப் போனது. குடலில் இருந்த பாக்டீரியா எது என்று தெரிந்தது. இத்தனை நாள் ஊற்றிய மருந்து அதற்குக் கேட்காது, இன்னொன்று கேட்கும் என்றும் தெரிந்தது.

"சரிக்கா, நடு அறைக்கு எப்படிப் போச்சு? காலையில நீங்க வேலை செய்யற மாதிரியே ஒரு தடவை நடந்து காட்டுங்க."

அண்ணி பெருமையாக நடந்தாள். முதலில் சீக்காளிகள். அப்புறம் நடு அறை. அப்புறம் மகாராணி. அதே துடைப்பம், அதே பூட்ஸ்.

மருத்துவர் அந்த பூட்ஸையே பார்த்தாள். "வரிசையை மாத்தணும்க்கா. மகாராணி முதல்ல. சீக்காளிங்க கடைசி."

"முடியாம கிடக்கிறதைக் காக்க வைக்கிறதா? எப்படிம்மா மனசு வரும்?"

"அங்கேருந்து நீங்க தனியாக் கிளம்பறதில்லையேக்கா. கால்ல ஒட்டிக்கிட்டு அதுவும் கூடவே வருது."

அண்ணி குனிந்து தன் காலைப் பார்த்தாள். நாத்தனாருக்கு அப்போது கிண்டல் வரவில்லை. "நானும் அதே காலோடதான் உங்க பின்னாலேயே வந்தேன் அண்ணி" என்றாள்.

5.

சீக்குக் குட்டிகள் எல்லாம் வாசலோரத்து அறைக்குப் போயின. அந்த அறைக்கென்றே தனியாக ஒரு துடைப்பமும் சிவப்பு பூட்ஸும் வந்தன. நடு அறையைச் சுரண்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி தெளித்து, ஈரம் போகக் காயவிட்டார்கள். மகாராணியின் மடியை வெந்நீரில் கழுவினார்கள். அவள் ஈன்றாள். குட்டிகள் முட்டி மோதிச் சீம்பால் குடித்தன.

ஆனால் கடைசி அறைக்குப் போக, சீக்கு அறையின் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். கறுப்பு பூட்ஸ் சத்தம் கேட்டதுமே உள்ளிருந்து முரடன் வீறிடுவான். கடித்தவனுக்கும் அவள் காலடி தெரிந்திருந்தது.

"வரேன்டா… வரேன்டா ராஜா" என்று சொல்லிக்கொண்டே அண்ணி நிற்காமல் போவாள். அந்த நாலு எட்டு வைப்பதற்குள் அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

6.

இன்று காலை முரடனின் சத்தம் கேட்கவில்லை.

(அ) முரடன் இரவே போய்ச் சேர்ந்து — எழுதினேன். கை ஒத்துழைக்கவில்லை.

(ஆ) முரடன் கொழுகொழுவென்று வளர்ந்து, காலண்டர் படம்போல — சீ.

(இ) அண்ணி கறுப்பு பூட்ஸோடு உள்ளே பாய்ந்து — இதற்கு அவளே சம்மதிக்கவில்லை. இரண்டு முறை ஓடவிட்டேன். இரண்டு முறையும் வாசற்படியில் நின்று, திரும்பி, மகாராணியிடம் போய்விட்டாள்.

அங்கே ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி வாலடியைத் தடவிப் பார்க்கிறாள். காய்ந்திருக்கிறது. இதுவும். இதுவும். கடைசிக் குட்டிக்கும் காய்ந்துதான் இருக்கிறது. "மூட வேண்டியதில்லடி!" என்கிறாள். "யாரு மூடச் சொன்னா?" என்கிறாள் நாத்தனார், ஒன்றும் தெரியாதவள்போல.

அண்ணி கறுப்பைக் கழற்றிக் கழுவி ஆணியில் மாட்டுகிறாள். சிவப்பை எடுக்கிறாள். அப்போது சீக்கு அறைக்குள்ளே, உப்பும் சர்க்கரையும் கலந்து வைத்த தண்ணீர்க் கிண்ணம் கடகடவென்று உருளும் சத்தம் கேட்கிறது. உருட்டியது யார் என்று எனக்குத் தெரியாது.

உங்களையும் வரிசைப்படிதான் கூட்டி வந்திருக்கிறேன் கண்ணுகளா, வேண்டாமென்று அடித்த அந்தச் சீக்குக் குட்டிகளின் முதல் வரியைக் கடைசிக்கு வைத்து. இனி கதவைத் திறக்க வேண்டியது நீங்கள். சிவப்பு பூட்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பத்திரம்.