பதினேழாவது வரி

"கூட்டிப் பார்த்தேன்மா. அஞ்சு அதிகமா வருது" என்று கணக்கு வாத்தியார் புரூஃபை என் மேசையில் வைத்தார். அவர் எழுதிய புத்தகத்தின் கடைசிப் பக்கம் அது. பக்கம் முழுக்க ஒரே ஒரு எண். ஆயிரம் இலக்கம், வரிக்கு ஐம்பதாக இருபது வரி. தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதாலும் வகுபடாத பகா எண். இலக்கங்களைக் கூட்டினால் நாலாயிரத்து ஐந்நூற்று ஒன்று வர வேண்டுமாம். எங்கள் அச்சகம் அதை நாலாயிரத்து ஐந்நூற்று ஆறாக்கிவிட்டது. "இப்ப இது மூணால வகுபடும். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடிச்சிடும். மானம் போயிடும்மா."

பத்தொன்பது வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் இங்கே ஜோடியாகப் பிழை திருத்தினோம். அவர் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டுப் படிப்பார், நான் புரூஃபில் திருத்துவேன். கதை, கட்டுரை என்றால் அர்த்தமே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணுக்கு ஏது அர்த்தம்? வாயை நம்ப வேண்டியதுதான். உப்பு வாங்கச் சொன்னால் சர்க்கரை வாங்கி வருகிற மனுஷன், தாளைக் கையில் எடுத்தால் அப்படி ஒரு சுத்தம். ஒரு எழுத்து தப்பாது.

இந்தப் பக்கத்தை ஒரு நாள் காலையில் படித்தார். அன்று சாயங்காலம் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். "காலையிலேயே பேச்சுல எதையாவது மாத்திச் சொன்னாரா? அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தார். இல்லவே இல்லை என்றேன். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்கு வருகிறேன். அழுகை வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படித்தான் இருக்கிறது.

வாத்தியார் என் வீட்டுக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து பிரதியைப் படிக்க ஆரம்பித்தார். கடவுளே, தப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பதினேழாவது வரியில் "ரெண்டு" என்றார். என் தாளில் ஏழு இருந்தது.

"அதான்! அந்த அஞ்சு!" வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அலமாரியிலிருந்து முதல் புரூஃபை எடுத்தேன். அதில் இரண்டு என்று சரியாகத்தான் அச்சாகியிருந்தது. அதைச் சிவப்பு மையில் அடித்து ஓரத்தில் ஏழு என்று போட்டிருந்தது என் கைதான். இரண்டையும் ஏழையும் எந்தக் காதும் குழப்பாது. அவர் ஏழு என்று படித்திருக்கிறார், நான் பிரதியை எட்டிக்கூடப் பார்க்காமல் திருத்தியிருக்கிறேன். அந்த இடத்தில் அவர் நிறுத்தி நெற்றியைத் தேய்த்தது இப்போது ஞாபகம் வந்தது. "என்ன, தூக்கமா? படிங்க, மணியாகுது" என்று நான்தான் விரட்டினேன். சிரித்துவிட்டு மேலே படித்தார்.

"யாரு தப்பும்மா இது?"

"என் தப்புதான் சார்."

ஏழு என்பதை அடித்து இரண்டு என்று எழுதினேன்.

"அவ்வளவுதான், கணக்கு சரியாயிடுச்சு" என்று வாத்தியார் எழுந்தார்.

"இன்னும் மூணு வரி இருக்கு சார். படிங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஒன்பது, மூணு, பூஜ்யம், ஏழு, ஏழு. நான் தாளைப் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.