பதினேழாவது வீடு

மூன்று நாளில் பதினாறு வீடு பார்த்தாயிற்று. லூ யாவெனுக்குக் கண்ணை மூடினால் கதவுகள்தான் தெரிந்தன. முதல் நாள் அவள் எல்லாம் கேட்டாள். ஜன்னல் தெற்கே பார்க்கிறதா, குளிர்காலத்தில் வெயில் உள்ளே வருமா, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. இரண்டாம் நாள் சுவரில் ஈரம் ஏறுமா என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நாள் அதையும் விட்டுவிட்டாள். கதவு திறந்ததும் உள்ளே போய்க் கழிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். ஒரு வீட்டில் அடுப்பும் கழிப்பறையும் ஒரே அறைக்குள் இருந்தன. வீட்டுக்காரர் அதை வசதி என்று சொல்லிச் சிரித்தார். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அவளுக்கு வேண்டியது வீடே அல்ல, பள்ளிக்கூடம். ஹாங்சௌவில் அந்தப் பகுதியில் ஒரு வீட்டுக்கு ஆறு வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குத்தான் இடம். வாடகைக்கு இருப்பவரின் பிள்ளை அந்த முகவரியில் பள்ளியில் சேர்ந்துவிட்டால் அந்த இடம் ஆறு வருடத்துக்குப் பூட்டியதுபோல்தான். விற்க நினைப்பவர்களும் பேரனுக்கென்று வைத்திருப்பவர்களும் பள்ளிப் படிவத்தில் லேசில் கையெழுத்துப் போடமாட்டார்கள். பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, இன்று புதன். கையெழுத்து கிடைக்காவிட்டால் நிங்நிங் அன்ஹுய் மலைப்பக்கம் தாத்தா பாட்டியிடமே திரும்பிப் போக வேண்டியதுதான்.

நிங்நிங்குக்கு ஆறு வயது. ஒன்றரை வயதில் அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு யாவெனும் அவள் கணவன் பெங்கும் தெற்கே ஆலை வேலைக்குப் போனார்கள். வருடத்துக்குப் பத்து நாள், சீனப் புத்தாண்டு விடுமுறையில்தான் மகளின் முகம் பார்ப்பது. இந்தப் பிப்ரவரியில் பெங்குக்கு இந்த ஊரில் நிரந்தர வேலை கிடைத்தது, யாவெனும் கூடவே வந்து ஒரு துணிக்கிடங்கில் சேர்ந்தாள். மூன்று வாரத்துக்கு முன் மகளை அழைத்து வந்தார்கள். பிள்ளை சொன்னபடி கேட்டாள், வைத்ததைச் சாப்பிட்டாள், அடம் என்றால் என்னவென்று தெரியாதவள்போல இருந்தாள். ஆனால் யாவெனை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள்.

வீட்டுத் தரகு பார்க்கும் ஷாவ் லிஜுவான் மின்சார ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். முன்னால் நிங்நிங் நின்றுகொண்டும் பின்னால் யாவென் தொற்றிக்கொண்டும் வந்திருந்தார்கள். லிஜுவானுக்கு நாற்பது வயது இருக்கும். இரண்டு கைபேசி, தொண்டை கட்டிய குரல். வாடிக்கையாளருக்கு வீடு அமையாவிட்டால் தனக்குத் தூக்கம் வராது என்பாள். அது உண்மையோ பொய்யோ, கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் நிஜம்.

"தங்கச்சி, நேத்து என்னாச்சுன்னு பாத்தேல்ல? பிள்ளையப் பாத்ததும் அந்தாளு கதவ மூஞ்சிலயே சாத்துனான். பிள்ள செவுத்துல கிறுக்கும், ஸ்கூல் சீட்டைக் கேப்பாங்க, அவனுங்களுக்கு ரெண்டு பயம். இன்னிக்கு நான் சொல்றபடி செய்யி."

"என்ன செய்யணும்க்கா?"

"இவ உன் பொண்ணு இல்ல. உன் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்ணு. ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கா, அவ்வளவுதான். மொதல்ல ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிருவோம். குடியேறி ரெண்டு நாள் கழிச்சு, நைசா சீட்டு விஷயத்த எடுப்போம்."

"அந்த ரெண்டு நாள்ல பதிவே முடிஞ்சிருமே."

"நாளைக்குச் சாயங்காலமே எடுப்போம், போதுமா? அதெல்லாம் என் பொறுப்பு. இப்பிடியே உண்மைய சொல்லிச் சொல்லிப் பதினாறு வீடு போச்சு. இன்னும் எத்தன வீடு ஏறி இறங்கத் தெம்பு இருக்கு உனக்கு?"

யாவெனுக்குத் தெம்பே இல்லை. அதனால்தான் சம்மதித்தாள். வாசலிலேயே குந்தி உட்கார்ந்து மகளிடம் சொன்னாள்: "நிங்நிங், மேல போனதும் என்னைச் சித்தின்னு கூப்பிடணும். யாரு கேட்டாலும் சித்திதான். திரும்பத் திரும்பக் கேப்பாங்க, நானே கேட்டாலும் சித்தின்னுதான் சொல்லணும். சரியா?"

நிங்நிங் தலையாட்டினாள்.

மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம், நாலாவது மாடி. வீட்டுக்காரி திங் அம்மாள் நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒல்லியான உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத கனத்த குரல். கதவைத் திறந்ததும் மூன்று ஜோடி வீட்டுச் செருப்பைத் தரையில் தட்டிப் போட்டாள்.

"வெளிச் செருப்போட யாரும் கால் வைக்காதீங்க. தரைய இப்பத்தான் துடைச்சேன். பொண்ணு யாருது?"

"என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்ணு, அத்தை. சுத்திப் பாக்க வந்திருக்கா."

நிங்நிங் நிமிர்ந்து பார்த்து, தெளிவாகக் கேட்டாள்: "சித்தி, என் ஷூவ எங்க வைக்கிறது?"

இந்த மூன்று வாரத்தில் பிள்ளை அவளை ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! யாவெனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செருப்பு அடுக்கைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்துகொண்டாள்.

வீடு நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. இரண்டு அறை, இரண்டிலும் வெயில். சமையலறை ஜன்னலுக்கு வெளியே கற்பூர மரம். கழிப்பறையில் நாற்றம் இல்லை. சின்ன அறையில் ஒரு மேசை ஜன்னலோரம் கிடந்தது, பள்ளிப் பிள்ளை உட்கார்ந்து எழுதுவதற்கென்றே செய்த உயரம். யாவென் அந்த மேசையைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி இவ்வளவு ஆசையோடு ஒரு பழைய மேசையைத் தடவியதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். லிஜுவான் பின்னாலிருந்து அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

திங் அம்மாள் அதற்குள் நிங்நிங்கைச் சோபாவில் உட்காரவைத்து, பீபா என்கிற மஞ்சள் பழத்தைத் தோலுரித்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கொட்டையைக் கீழே போடாமல் உள்ளங்கையிலேயே சேர்த்து வைத்திருந்தாள்.

"எவ்வளவு ஒழுங்கு பாரு!" என்றாள் திங் அம்மாள். "காலைல ஒரு குடும்பம் வந்துச்சு. பையன் இருக்கான், ஸ்கூல் சீட்டு வேணும்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. எம்புள்ளைக்கு முப்பத்தாறாகுது, கல்யாணமே வேண்டாங்கறான். அப்புறம் பேரனுக்கு எங்க போறது? சீட்டு சும்மாத்தான் கெடக்கு. குடுக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா அந்தப் பய வந்த அஞ்சாவது நிமிஷம் இந்தச் சோபா மேல ஏறிக் குதிச்சான். போங்கன்னுட்டேன்."

திங் அம்மாள் இன்னொரு பழத்தை உரித்தாள்.

"இந்தப் பொண்ணு மாதிரி ஒரு பிள்ளை இருந்தா நாளைக்கே கையெழுத்துப் போட்டுருவேன். உங்களுக்குத்தான் பிள்ளையே இல்லையே."

லிஜுவானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாயில் போட்ட பழத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். யாவென் பதினாறு வீட்டில் உண்மையைச் சொல்லிக் கெட்டாள். பொய் சொன்ன ஒரே வீட்டில் உண்மைக்கு விலை இருந்தது. எந்தப் பாவி எழுதிய எழுத்தோ!

"அத்தை, இவ எம்பொண்ணுதான்" என்றாள். "நான் சொன்னது பொய். மன்னிச்சிருங்க."

திங் அம்மாளின் கையில் பாதி உரித்த பழம் அப்படியே நின்றது. "ஓஹோ. சீட்டுன்னதும் பொண்ணாயிட்டாளா?"

"இல்லத்தை, சத்தியமா நான்தான் பெத்தேன்."

"கண்ணு, நீ சொல்லு. இவங்க உனக்கு யாரு?"

"சித்தி."

யாவென் தரையில் மண்டியிட்டாள். "நிங்நிங், இப்ப விளையாட்டு இல்ல. நிஜத்தச் சொல்லு. நான் யாரு?"

பிள்ளை அவளையே பார்த்தாள். நானே கேட்டாலும் என்று அம்மா சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சொன்னதைத் தவறாமல் செய்து பழகிய பிள்ளை அவள். உதட்டை இறுக்கிக்கொண்டு, "சித்தி" என்றாள்.

"பாத்தியா!" திங் அம்மாள் எழுந்துவிட்டாள். "பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அடுத்தவ பிள்ளைய வச்சு என் வீட்டுச் சீட்ட அமுக்கப் பாக்கிறீங்களா?"

யாவென் பையைக் கவிழ்த்துக் கொட்டாத குறையாகத் தேடி, குடும்பப் பதிவுப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். திங் அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். குடும்பத் தலைவர், மாமனார். அடுத்த பக்கம் மூத்த மகன். அடுத்தது இளைய மகன் பெங். அடுத்தது மருமகள் லூ யாவென். கடைசிப் பக்கம் நிங்நிங், பேத்தி.

"பேத்தின்னுதான் போட்டிருக்கு. யாரு பெத்த பேத்தின்னு எங்க இருக்கு? இதோ மூத்தவன் பேரும் இருக்கே."

"அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலத்தை."

"அது உனக்குத் தெரியும், எனக்கு எப்பிடித் தெரியும்?"

யாவென் மாமியாரைக் கைபேசியில் அழைத்தாள். கடுகு அறுவடை நேரம், எல்லாரும் வயலில் இருப்பார்கள், கைபேசி வீட்டில் கட்டிலில் கிடக்கும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பெங் ஆலைக்குள் இருந்தான், அங்கே கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிள்ளையின் படங்களைக் காட்டினாள். சித்தியிடமும் படம் இருக்கும்தானே என்று திங் அம்மாள் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை.

"எல்லாம் என் தப்பு, அத்தை" என்றாள் லிஜுவான். "நான்தான் சொல்லிக் குடுத்தேன். பிள்ளைக்கு இவ்வளவு நல்லாப் பாடம் ஏறும்னு நெனைக்கல."

"நீ வாயத் திறக்காத." திங் அம்மாள் நிங்நிங்கை எழுப்பக் குனிந்தவள், பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டாள். வீட்டுச் செருப்புக்குள் இரண்டு குதிகாலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தன. காலுறையில் ரத்தம் காய்ந்திருந்தது. "இது என்ன? இந்தக் காலோடயா இவ்வளவு நேரம் நடந்த? சொல்லக்கூடாதா?"

"சொன்னா வீடு பாக்கக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க, பாட்டி."

திங் அம்மாள் போய் அந்த ஷூவை எடுத்து வந்தாள். இளஞ்சிவப்பு, புதுசு. "யாரு வாங்கினது?"

"நான்தான்" என்றாள் யாவென்.

"ஒரு அளவு சின்னது. பெத்தவளுக்குப் பிள்ளை கால் அளவு தெரியாதா? இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும், சொல்லு."

யாவெனுக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. கைபேசியின் உறையைக் கழற்றி, அதற்குப் பின்னால் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துத் தரையில் விரித்தாள். பிள்ளையின் எழுத்துப் பயிற்சி ஏட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாள். அதில் பென்சிலால் சுற்றி வரைந்த சின்னப் பாதம். மடித்து மடித்து நாலு மடிப்பும் நைந்திருந்தன.

"புத்தாண்டுக்குப் போனப்ப அவ தூங்கும்போது வரைஞ்சு எடுத்தேன், அத்தை. ஒவ்வொரு வருஷமும் அப்பிடித்தான் வாங்குவேன். இவள இங்க கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே அந்த அளவுக்குத்தான் வாங்கி வச்சேன். நாலு மாசத்துல வளந்துருவான்னு…" அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதாள். மூன்று நாளாக அடக்கி வைத்ததெல்லாம் அந்நிய வீட்டுத் தரையில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தாள். வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

திங் அம்மாள் நிங்நிங்கின் காலைப் பிடித்து அந்தத் தாளின் மேல் வைத்தாள். பெருவிரல் கோட்டைத் தாண்டி ஒரு நகம் அளவு வெளியே நின்றது. வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து, குதிகாலுக்கு ஒட்டுத்துணி ஒட்டினாள்.

"பொய் சொல்ல வராதவளெல்லாம் எதுக்குப் பொய் சொல்றீங்க?" என்றாள் கடைசியில், முகத்தில் இன்னும் கடுப்பு மாறாமல். "பிறப்புப் பத்திரத்த ஊர்லருந்து ராத்திரிக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. அதுல உம்பேரு இருந்தா நாளைக்குக் காலைல வா, வாடகை ஒப்பந்தம், ஸ்கூல் சீட்டு ரெண்டுக்கும் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா இந்தப் பக்கம் தலைய காட்டாத. அதுவரைக்கும் வேற யாருக்கும் தரமாட்டேன். ஷூவ மாத்து மொதல்ல."

படியிறங்கும்போது யாவென் மகளை முதுகில் சுமந்துகொண்டாள். ஷூ இரண்டையும் பிள்ளை கையில் பிடித்திருந்தாள். லிஜுவான் கைபேசியில் யாரையோ வைதபடி முன்னால் இறங்கிப் போய்விட்டாள். பிள்ளை இவ்வளவு கனமாக இருப்பாள் என்று யாவென் நினைக்கவேயில்லை. நாலு மாடியும் முடியட்டும், அப்புறம் உட்காரலாம் என்று ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மூன்றாவது மாடியில் காதோரம் மூச்சுக்காற்று பட்டது.

"நான் சரியாச் சொன்னேனா?"

"சரியாச் சொன்ன."

பிள்ளை ஷூ இரண்டையும் மறு கைக்கு மாற்றிப் பிடித்தாள்.

"இன்னும் வீடு பாக்கி இருக்கா? இல்ல, இனிமே அம்மான்னு கூப்பிடலாமா?"

யாவென் நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். "வீடு பாக்கி இல்லடி கண்ணு. இதுதான் கடைசி வீடு. கூப்பிடு."

பிள்ளை உடனே கூப்பிடவில்லை. இரண்டாவது மாடி போயிற்று, முதல் மாடியும் போயிற்று. வாசல் வெளிச்சம் தெரிந்தபோது சின்னக் கை அவள் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"அம்மா, ஷூ விழுது."